வாடையில் வந்த விருந்தாளிகள்

குடும்பப் பத்திரிகையில் புழு வளர்ப்பதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். பட்டுப்புழு வளர்த்தால் நூல் கிடைக்கும். தேனீ வளர்த்தால் தேன் கிடைக்கும். நான் எழுதப்போகும் புழுவோ நமக்கு எதையும் தருவதில்லை. இலையைத் தின்னும், கூட்டுக்குள் அடங்கும், சிறகு முளைத்ததும் திரும்பிப் பாராமல் பறந்துவிடும். ஆயினும், இந்தப் புழுக்களைக் கணிக்க முடியாத குளிர்காலங்களில் வளர்த்த அனுபவம், பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்றை எனக்குக் கற்பித்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவள். கணவரின் பணி காரணமாக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரில் வசிக்கிறேன். 2016ஆம் ஆண்டு நாங்கள் குடியேறிய வீட்டின் பின்புறத்தில், முன்பிருந்தவர்கள் நட்டுவிட்டுப் போன செடிகள் வேலியோரமாக வரிசையாக நின்றன. சிவப்பும் மஞ்சளும் கலந்த சிறு பூக்கள். இலையைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடிந்தது. பார்த்தவுடன் நம்மூர் எருக்கு நினைவுக்கு வந்தது. அந்த நினைவு பொருத்தமானதே. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எருக்கின் மீது மஞ்சள் மஞ்சளாக அப்பிக் கிடக்குமே அசுவினி, அதே அசுவினி இந்தச் செடியிலும் அப்பிக் கிடந்தது!

இச்செடி வகையை ஆங்கிலத்தில் மில்க்வீட் என்பார்கள். பால்செடி என்றே நான் இங்கு குறிப்பிடுகிறேன். மோனார்க் என்னும் பட்டாம்பூச்சியின் புழு இந்தப் பால்செடியைத் தவிர வேறு எதையும் உண்பதில்லை. எங்கள் வீட்டுக்கு அந்த விருந்தாளி வந்ததும் இந்தச் செடிகளைத் தேடித்தான்.

"எருக்கம்புழுவை வளர்க்கவா கப்பல் தாண்டிப் போனே?" என்று ஊரிலிருந்து என் உம்மா தொலைபேசியில் கேட்டுச் சிரித்தார்கள். புழுவின் கதையைச் சொன்ன பிறகு அவர்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வாரமும், "புழு எப்படி இருக்குது?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நாலாயிரம் கிலோமீட்டர் பயணம்

மோனார்க் என்ற சொல்லுக்கு மன்னர் என்று பொருள். கறுப்பு நரம்புகள் ஓடும் செம்மஞ்சள் நிறச் சிறகுகள். ஓரங்களில் வெள்ளைப் புள்ளிகள். எடையோ அரை கிராம் அளவுதான். கனடாவின் தென்பகுதியிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் கோடையில் பிறக்கும் பட்டாம்பூச்சிகள் இரண்டு முதல் ஐந்து வாரங்களே வாழ்கின்றன. ஆனால் கோடையின் இறுதியில் பிறக்கும் தலைமுறை மட்டும் எட்டு, ஒன்பது மாதங்கள் வாழக்கூடியது. அந்தத் தலைமுறைதான் தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. சில பட்டாம்பூச்சிகள் நாலாயிரம் கிலோமீட்டர் தூரம்கூடப் பறந்து மெக்சிகோவின் நடுப்பகுதியிலுள்ள மலைகளை அடைகின்றன. அங்கே ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், ஒயாமெல் என்னும் ஊசியிலை மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கிளைகள் பாரம் தாங்காமல் வளையும் அளவுக்குக் கூட்டம் சேரும்.

அவை எங்கே போகின்றன என்பது அறிவியல் உலகுக்கு நெடுங்காலம் தெரியாமலேயே இருந்தது. கனடா நாட்டு அறிஞர் பிரெட் உர்க்குஹார்ட் பல்லாண்டுகளாகத் தேடிய அந்த இடத்தை, அவருக்காகத் தேடி அலைந்த கென் பிரக்கரும் கத்தலினா அகுவாதோவும் 1975 ஜனவரியில் கண்டறிந்தனர். மலைவாழ் மக்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த செய்திதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2008இல் யுனெஸ்கோ அக்காடுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே பட்டாம்பூச்சிகளைத் தலை எண்ணிக் கணக்கிட முடியாது. அவை தொங்கும் மரங்கள் எவ்வளவு பரப்பில் இருக்கின்றன என்றே அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேருக்கும் மேல் இருந்த பரப்பு, 2013-14இல் 0.67 ஹெக்டேராகச் சுருங்கியது. 2023-24இல் 0.9, அடுத்த குளிர்காலத்தில் 1.79. ஒரு காலத்தில் ஊரளவு பரந்திருந்த கூட்டம் இன்று இரண்டொரு வயல்களுக்குள் அடங்கிவிடுகிறது. வயல்வெளிகளில் களைக்கொல்லி தெளிக்கப்பட்டுப் பால்செடிகள் அழிந்ததும், மெக்சிகோவில் மரங்கள் வெட்டப்பட்டதும், பருவநிலை மாறியதும் இதற்குக் காரணங்கள் என்கிறார்கள்.

இந்தப் பயணப் பாதையில் டெக்சாஸ் ஒரு புனலின் வாயைப் போன்றது. அக்டோபரில் தெற்கே போகும் கூட்டம் இவ்வழியாகத்தான் போகிறது. மார்ச் மாதத்தில் மெக்சிகோவிலிருந்து திரும்புபவை முதல் முட்டைகளை இடுவதும் பெரும்பாலும் இந்த மாநிலத்தில்தான். ஆகவே, இங்குள்ள ஒரு வீட்டுத் தோட்டத்தில் நடப்பது அந்த வீட்டோடு முடிந்துவிடுவதில்லை.

புழுவின் நாட்கள்

தாய்ப் பட்டாம்பூச்சி ஓர் இலையின் அடியில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போகும். குண்டூசித் தலையளவு முட்டை. தன் வாழ்நாளில் அது 300 முதல் 500 முட்டைகள் வரை இடும். அவற்றில் பட்டாம்பூச்சியாகும் பேறு பெறுபவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. எறும்பும் சிலந்தியும் குளவியும் மற்றவற்றைத் தின்றுவிடுகின்றன.

இதமான வெயில் காலத்தில் நான்கு நாட்களில் முட்டை பொரியும். வெளிவரும் புழு முதலில் தன் முட்டையோட்டைத் தின்னும். பிறகு இலையைத் தின்னத் தொடங்கினால் நிறுத்துவதே இல்லை. இரண்டு வாரங்களுக்குள் ஐந்து பருவங்களைக் கடந்து, பிறந்தபோது இருந்ததைப்போல் ஏறத்தாழ 2,000 மடங்கு எடை கூடிவிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வரி வரியாக உடல்; தலைப்பக்கம் ஒரு சோடி, வால்பக்கம் ஒரு சோடி எனக் கறுப்புக் கொம்புகள். பால்செடியின் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. அந்த நஞ்சைப் புழு தன் உடலிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை நெருங்குவதில்லை.

வளர்ச்சி முடிந்ததும் தலைகீழாகத் தூண்டில் முள்போல் வளைந்து தொங்கும். மறுநாள் தோலை உரித்துப் பச்சை நிறக் கூட்டுப்புழுவாகிவிடும். அதன் மேல் பொன்னைத் தொட்டு வைத்தாற்போல் புள்ளிகள்! இரண்டு வாரங்களுக்குள் ஓடு கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே மடிந்திருக்கும் சிறகின் நிறம் தெரியும். பிறகு ஒரு காலைப்பொழுதில் பட்டாம்பூச்சி வெளியே வந்துவிடும்.

இவையெல்லாம் வெயில் காலத்துக் கணக்கு. குளிர்காலத்தில் கணக்கே வேறு. புழுவுக்குத் தன் உடலில் சொந்தச் சூடு கிடையாது. வெப்பநிலை ஏறத்தாழ 11.5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு டிகிரியும் அதன் கணக்கில் வரவாகச் சேர்கிறது. நாளின் சராசரி வெப்பம் 25 டிகிரியாக இருந்தால் முட்டையிலிருந்து பட்டாம்பூச்சியாக ஒரு மாதம்கூட ஆகாது. 15 டிகிரியாக இருந்தால் மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும். அந்த மூன்று மாதங்களும் எறும்புக்கும் குளவிக்கும் நோய்க்கும் கிடைத்த கூடுதல் வாய்ப்புகள்.

நம்ப முடியாத குளிர்

ஹூஸ்டன் குளிரை ஊரிலிருக்கும் உங்களுக்கு எப்படிச் சொல்வது? டிசம்பரிலும் பல நாட்கள் நம்மூர் தை மாதத்தைப்போல் இதமாக இருக்கும். திடீரென ஒரு பிற்பகலில் வடக்கிலிருந்து வாடை புறப்படும். மதியம் மெல்லிய சட்டையோடு நின்றவர் அந்தி சாய்வதற்குள் கம்பளிச் சட்டையைத் தேடுவார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வெயில்.

கடும் குளிர் விழும் ஊர்களில் பனி தொடங்குமுன்பே பால்செடி காய்ந்து வேருக்குள் அடங்கிவிடும். உண்ண இலையில்லை என்றால் பட்டாம்பூச்சியும் தங்காது, போய்விடும். ஆனால் எங்கள் வேலியோரத்தில் நின்றது வெப்ப நாட்டுப் பால்செடி. அது குளிர்காலத்திலும் துளிர்த்துக்கொண்டே இருக்கும். தெற்கே போகவேண்டிய பட்டாம்பூச்சிகளில் சில அந்தப் பச்சையைக் கண்டு இங்கேயே தங்கி முட்டையிட்டுவிடுகின்றன. இதமான நாட்களை நம்பிப் பொரித்த புழுக்கள், வாடை வரும் இரவில் இலையோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகின்றன. மெக்சிகோவுக்குப் போன கூட்டம் மரங்களின் மறைவில் இருக்கிறது. எங்கள் தோட்டத்துப் புழுவுக்கு மறைவு ஏது?

2021, பிப்ரவரி

அந்த மாதத்தை டெக்சாஸ் மக்கள் மறக்கமாட்டார்கள். உறைகுளிர் வருகிறது என்ற அறிவிப்பு நாட்கள் முன்னதாகவே வந்துவிட்டது. எங்கள் செடிகளில் அப்போது 9 புழுக்கள் இருந்தன. 13ஆம் தேதி அன்று நானும் என் மகளும் புழுக்கள் இருந்த கிளைகளை நறுக்கி, தண்ணீர் நிரப்பிய குப்பிகளில் செருகி, வலைக்கூண்டுக்குள் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தோம். மகளுக்கு அப்போது 13 வயது. மிஞ்சிய நல்ல இலைகளைக் கழுவி, ஈரக் காகிதத்தில் சுற்றிப் பிரிட்ஜில் அடுக்கினோம்.

15ஆம் தேதி அதிகாலையில் மின்சாரம் நின்றது. மாநிலம் முழுவதும் 45 இலட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் நிறுவனங்களும் அந்த நாட்களில் மின்சாரத்தை இழந்தன. 16ஆம் தேதி காலை ஹூஸ்டன் விமான நிலையத்தில் வெப்பநிலை உறைநிலைக்கும் 10 டிகிரி கீழே இறங்கியது. தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன. அரசுக் கணக்கின்படி 246 பேர் அந்தக் குளிரோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தார்கள். அத்தனை பேர் துன்பப்பட்ட நேரத்தில் புழுவின் கதையைப் பேசுவது உங்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். எங்களுக்கும் முதல் கவலை பிள்ளைகள்தாம். ஒரே அறையில் நால்வரும் கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு கிடந்தோம். அந்த அறையின் மூலையில் கூண்டும் இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளேயே 7 டிகிரிக்குக் குளிர் இறங்கியபோது புழுக்கள் அசைவற்றுப் போயின. தின்னவில்லை, நகரவில்லை. செத்துவிட்டன என்றே என் கணவர் நினைத்தார். மகள் மட்டும் ஒரு மணிக்கொரு தரம் கைவிளக்கை அடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மின்சாரம் வந்தது. அறை மெல்லச் சூடேறியபோது ஒரு புழு தலையை உயர்த்தியது. பிறகு இன்னொன்று. மாலைக்குள் எட்டுப் புழுக்கள் இலையை அரிக்கத் தொடங்கின. ஒன்று மட்டும் எழவில்லை. தோட்டத்திலோ பால்செடிகள் எல்லாம் கருகித் தொங்கின.

எட்டும் கூட்டுப்புழுக்களாயின. ஒன்று கூட்டுக்குள்ளேயே கறுத்துப்போயிற்று. மார்ச் மாதத்தில் ஏழு பட்டாம்பூச்சிகள் வெளிவந்தன. அந்தக் காலைகளில் எங்கள் வீட்டில் பெருநாள் களை!

செல்லோ டேப் சொன்ன செய்தி

இந்தப் பட்டாம்பூச்சிகளுக்கு ஒரு நோய் உண்டு. ஓஃப்ரியோசிஸ்டிஸ் எலெக்ட்ரோசிர்ரா என்னும் நீண்ட பெயர் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணியால் வருவது. சுருக்கமாக ஓ.இ. என்பார்கள். 1960களில் புளோரிடா மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நோயுற்ற தாயின் வயிற்றுச் செதில்களில் இலட்சக்கணக்கான வித்துத் துகள்கள் ஒட்டியிருக்கும். அது முட்டையிடும்போது அவை முட்டைமீதும் இலைமீதும் உதிரும். இலையோடு சேர்த்து அவற்றைத் தின்ற புழுவின் உடலில் ஒட்டுண்ணி பெருகும். கடுமையாகத் தாக்கப்பட்டது கூட்டிலிருந்து முழுமையாக வெளிவராது. வந்தாலும் சிறகு விரியாது. இலேசாகத் தாக்கப்பட்டதோ பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் பறக்கும்; போகுமிடமெல்லாம் துகள்களை உதிர்க்கும்.

சோதிக்கும் முறை எளிது. பட்டாம்பூச்சியை மெல்லப் பிடித்து, அதன் வயிற்றில் ஒரு துண்டு செல்லோ டேப்பை ஒற்றி எடுத்து, வெள்ளை அட்டையில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2006 முதல் பொதுமக்களிடமிருந்து இத்தகைய மாதிரிகளைப் பெற்று ஆராய்ந்துவருகிறது. மகள் பள்ளிப் பாடத்துக்காக வைத்திருந்த நுண்ணோக்கியிலேயே நாங்கள் பார்த்தோம். ஓட்டுச் சில்லுகள்போல் பெரிதாகத் தெரிபவை செதில்கள். அவற்றுக்கிடையே எலுமிச்சை வடிவில், பழுப்பாக, கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் அவைதாம் துகள்கள்.

ஏழில் ஐந்து நோயுற்றவை.

அவற்றில் இரண்டுக்குச் சிறகு சுருண்டிருந்தது. மற்ற மூன்றும் அழகாகச் சிறகை விரித்துக் கூண்டின் வலையில் மோதிக்கொண்டிருந்தன. வெளியே மார்ச் மாத வெயில். மெக்சிகோவிலிருந்து திரும்பும் பட்டாம்பூச்சிகள் எங்கள் மாநிலத்துக்குள் வந்துகொண்டிருக்கும் நேரம். இந்த மூன்றையும் திறந்துவிட்டால், நாலாயிரம் கிலோமீட்டர் பறந்து பிழைத்த கூட்டத்தின் பிள்ளைகளுக்கு இவை நோயைக் கொடுக்கும். இத்தகையவற்றை வெளியே விடாமல், உறையிலிட்டு உறைகுளிரில் வைத்து வலியின்றி முடித்துவிடுவதே நல்லது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

"நாமளே காப்பாத்திட்டு நாமளே கொல்லணுமா, உம்மா? குளிர்லேர்ந்துதானே காப்பாத்துனோம்?" என்று மகள் கேட்டாள்.

வாசகர்களே, இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் உடனே பதில் சொல்லவில்லை. அன்று முழுவதும் கூண்டு அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் அவளே காகிதத்தை மடித்து ஐந்து உறைகள் செய்து கொண்டுவந்தாள். நோயற்ற இரண்டை முதலில் தோட்டத்தில் பறக்கவிட்டோம். அதன் பிறகு உறைகளை எடுத்தோம். அன்று அவள் மதியச் சோறு உண்ணவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

குளிர் செய்யும் வேலை

அந்த ஐந்தும் எங்கிருந்து நோயைப் பெற்றன? ஆண்டு முழுவதும் காயாமல் நிற்கும் பால்செடியிலிருந்துதான். தலைமுறை தலைமுறையாகப் பட்டாம்பூச்சிகள் அதே இலைகளில் வந்து உட்கார, துகள்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. கிழக்குப் பகுதியில் இடம்பெயரும் மோனார்க்குகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவையே இந்நோய் கொண்டவை. இடம்பெயராமல் ஆண்டு முழுவதும் தென் புளோரிடாவில் தங்கிவிட்டவற்றிலோ நூற்றுக்கு எழுபதுக்கும் மேல்.

இந்த வேறுபாட்டுக்கு அறிஞர்கள் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்று, பயணம் போகும் கூட்டம் நோய் படிந்த இலைகளை விட்டு விலகிப் போய்விடுகிறது. பின்னால் வரும் குளிர் அந்த இலைகளைக் கருக்கிவிடுகிறது. வசந்தத்தில் புதிய தளிர் வருகிறது. இரண்டு, நோயுற்றவை நெடும் பயணத்தைத் தாங்காமல் வழியிலேயே விழுந்துவிடுகின்றன. பயணம் அந்த இனத்துக்கு மருந்தாகவும் இருக்கிறது எனலாம்.

இன்னொரு செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தெற்கே போகும் பட்டாம்பூச்சி, வசந்தம் வந்ததும் வடக்கே திரும்ப வேண்டும் என்று எப்படி அறிகிறது? 2013ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குவெராவும் ரெப்பர்ட்டும் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தெற்கே போய்க்கொண்டிருந்த பட்டாம்பூச்சிகளைப் பிடித்து 24 நாட்கள் குளிரில் வைத்தார்கள். பிறகு பறக்கவிட்டபோது அவை வடக்கு நோக்கித் திரும்பின. குளிரில் வைக்கப்படாதவையோ வசந்தம் வந்த பிறகும் தெற்கையே நாடின! மலைக்காட்டின் குளிர்தான் அவற்றுக்குத் திரும்பும் திசையைக் காட்டுகிறது. அந்தக் குளிர் உடலின் இயக்கத்தைத் தணித்து, சேர்த்துவைத்த கொழுப்பு வசந்தம்வரை கரையாமலும் காக்கிறது.

எந்தக் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று நாம் தவிக்கிறோமோ, அதே குளிர்தான் அந்த உயிருக்குத் திசையையும் ஆயுளையும் தருகிறது. அளவு மீறிய உறைபனி கொல்லும் என்பதும் உண்மையே. 2002 ஜனவரியில் மெக்சிகோ மலைகளில் மழையும் அதைத் தொடர்ந்து உறைகுளிரும் தாக்கியபோது கோடிக்கணக்கான பட்டாம்பூச்சிகள் மடிந்து தரையில் குவிந்தன. கொல்லும் குளிர் எது, வளர்க்கும் குளிர் எது என்று பிரித்தறிவதுதான் வளர்ப்பவரின் கடமை. நம் பிள்ளைகளின் காரியத்திலும் இதையே நாம் நாள்தோறும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது அல்லவா? வெளியூர்ப் படிப்பு, முதல் வேலை, முதல் தோல்வி இவற்றையெல்லாம் கொல்லும் குளிர் என்று எண்ணிக் கதவைச் சாத்துகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கத்தரிக்கோலும் கண்ணீரும்

2021 அக்டோபர் இறுதியில், பால்செடிகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் விட்டு அடியோடு வெட்டினோம். இலைகளைப் பையிலிட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். புழு இருந்த ஒரே ஒரு தண்டை மட்டும் விட்டுவைத்து, அது கூட்டுக்குள் அடங்கிய பிறகு வெட்டினோம்.

அந்த ஆண்டு வானிலை செய்த வேடிக்கையைக் கேளுங்கள். பிப்ரவரியில் எங்களை உறைய வைத்த அதே 2021, பதிவேடுகளிலேயே மிக வெப்பமான டிசம்பரை டெக்சாசுக்குத் தந்தது. வெட்டிய கட்டைகள் மூன்றே வாரங்களில் தளிர்த்தன. மறுபடியும் வெட்டினோம். மறுபடியும் தளிர்த்தன. அந்த டிசம்பரில் ஒரு பெண் பட்டாம்பூச்சி வந்தது. வெட்டிய கட்டைகளின் மேல் ஒவ்வொன்றாக உட்கார்ந்து, வயிற்றை வளைத்துப் பார்த்து, இலை இல்லாததால் எழுந்து, மீண்டும் உட்கார்ந்தது. வாசல் தேடி வந்த விருந்தாளிக்கு முன்னால் கதவைச் சாத்திப் பழக்கமில்லாத குடும்பத்தில் பிறந்தவள் நான். சமையலறைச் சன்னலில் நின்று அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வெட்டாமல் விட்ட உண்ணிப்பூச் செடிகள் அந்த வெப்பத்தில் பூத்திருந்தன. அங்கே போய்த் தேன் குடித்தது. வெகுநேரம் கழித்து வேலியைத் தாண்டித் தெற்கே பறந்தது. அதன் வயிற்றில் துகள் இருந்ததா, இல்லையா, யாரறிவார்?

அதன்பின் வெப்ப நாட்டுச் செடிகளைச் சிறிது சிறிதாக அகற்றி, டெக்சாஸ் மண்ணுக்கே உரிய பால்செடி வகைகளை நட்டுவருகிறோம். அவை குளிர்காலத்தில் வேருக்குள் அடங்கி, வசந்தத்தில் துளிர்ப்பவை. அவற்றின் விதையை முளைக்க வைப்பதும் ஒரு பாடமே. ஈர மணலில் கலந்து ஒரு மாதத்துக்கும் மேல் பிரிட்ஜில் வைத்தெடுத்தால்தான் பல விதைகள் கண் திறக்கும். குளிர் படாத விதை நாம் குளிர்காலத்தைக் கடந்துவிட்டோம் என்பதை எப்படி அறியும்?

2022 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் உறைகுளிர் வந்தது. 2025 ஜனவரி 21ஆம் தேதி ஹூஸ்டனில் பனி பொழிந்து தரையெல்லாம் வெளுத்தது. அன்று எங்கள் பால்செடிகள் மண்ணுக்கடியில் உறங்கின. கூண்டு காலியாக இருந்தது. மகள் பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

வளர்க்க விரும்புவோருக்கு

மோனார்க் வாழும் நாடுகளில் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்காகச் சில சொற்கள்.

ஆண்டுக்குப் பத்துப் புழுக்களுக்கு மேல் வீட்டில் வளர்க்க வேண்டாம் என்று, பூச்சியினங்களைக் காக்கும் ஸெர்சஸ் சங்கம் அறிவுறுத்துகிறது. கூட்டமாக அடைத்தால் நோயும் கூட்டமாகவே வரும். கூண்டையும் குப்பிகளையும் ஒரு பங்கு பிளீச்சும் நான்கு பங்கு தண்ணீரும் கலந்த கரைசலால் கழுவி, நன்கு அலசிக் காயவிடுங்கள். ஒவ்வொரு பட்டாம்பூச்சியையும் சோதித்த பின்னரே பறக்கவிடுங்கள். செடி வாங்கும்போது, பூச்சிமருந்து இட்ட செடியா என்று தயங்காமல் கேளுங்கள். மருந்து உறிஞ்சிய செடியில் புழு பிழைக்காது.

இலையுதிர்காலத்தில் பிறக்கும் தலைமுறையைக் கூடியவரை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். இலையுதிர்காலச் சூழலை ஒத்த அறைகளில் வளர்க்கப்பட்டவை தெற்குத் திசையை நாடவில்லை என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2019இல் கூறியது. திறந்த வெளியில் விட்டபின் அவற்றில் பல திசையை மீட்டுக்கொள்கின்றன என்று கனடாவில் நடந்த ஆய்வு ஒன்று 2021இல் கூறியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வெயிலும் காற்றும் படும் இடமே அவற்றுக்குப் பள்ளிக்கூடம் என்பது விளங்கும். உறைபனி வரும் இரவில் செடியில் புழு இருந்தால், தரைவரை தொங்கும்படி ஒரு துணியைப் போர்த்துங்கள். கடும் உறைபனியானால், சூடேற்றாத கார்க் கொட்டகைக்குள் தொட்டியோடு நகர்த்தி வைத்துவிட்டு, பனி விலகியதும் வெளியே வைத்துவிடுங்கள். அவ்வளவு போதும்.

தமிழகத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் மோனார்க்கின் நெருங்கிய உறவினர் உங்கள் தெருவிலேயே இருக்கிறார். வெந்தய வரியன் என்பது அவர் பெயர். அதே செம்மஞ்சள் சிறகு. புழுவுக்கு மட்டும் இரண்டு சோடிக்குப் பதில் மூன்று சோடிக் கொம்புகள். நீலக் கோடுகள் கொண்ட வேறு சில உறவினங்கள் பருவமழையை ஒட்டி மேற்கு மலைகளுக்கும் கிழக்குச் சமவெளிகளுக்கும் இடையே கூட்டமாக இடம்பெயர்வதையும் நீங்கள் கண்டிருக்கலாம். வெந்தய வரியனுக்குக் கூண்டு தேவையில்லை, சோதனை தேவையில்லை, துணிப் போர்வை தேவையில்லை. வேலியோரத்தில் ஓர் எருக்கு இருந்தால் போதும்.

பயனற்ற செடி என்று அதை வெட்டுவதற்கு அரிவாளோடு போகும்போது, தயவுசெய்து இலைகளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.